பெயர்ந்தது பல்லா பூச்சா

பல் மருத்துவ முதுகலைப் படிப்பில் மூன்று வருடம் நான் செய்தது ஒரே வேலைதான். ஒட்டுவேன், உடைப்பேன். பிடுங்கிய பற்களைச் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் ஒரு பூச்சு பூசி, பூச்சின் மேல் பல் நிறத்தில் அடைப்பு வைத்து, நீல விளக்கு காட்டி இறுக வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கடைசியில் ஓர் இயந்திரத்தில் மாட்டி அத்தனையையும் உடைப்பேன். எவ்வளவு அழுத்தத்தில் உடைந்தது என்று இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டும். அதை எழுதிக்கொண்டு அடுத்த பல்லை எடுப்பேன். "பொண்ணு இன்னா படிக்குது" என்று யாராவது கேட்டால் என் அப்பா, "பல்லு ஒடைக்குது" என்பார். ஆராய்ச்சி என்று சொல்லுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்தப் பூச்சுக்கு லைனர் என்று பெயர். சொத்தை ஆழமாகப் போய் நரம்பை நெருங்கிவிட்டால் அதன் மேல் நேராக அடைப்பை வைக்க முடியாது. பச்சைத் தண்ணீர் பட்டாலே ஆள் கூரைக்குக் குதிப்பார். அதனால் அடியில் மெலிதாக ஒரு பூச்சு. இதில் ஒரு வம்பு உண்டு. நரம்புக்கு இதமாக இருக்கும் பூச்சு, மேலே வரும் அடைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. தடிமனாகப் பூசினால் பிடிப்பு தளரும். மெலிசாகப் பூசினால் பிடிக்கும், ஆனால் நரம்பு கத்தும். எந்தப் பூச்சை எவ்வளவு பூசினால் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் என்பதுதான் என் மூன்று வருடம்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் எண்களை அவ்வளவாக மதிக்க மாட்டார். உடைந்த துண்டை நுண்ணோக்கியில் வைத்து, எங்கே உடைந்தது என்றுதான் பார்ப்பார். அடைப்பும் பூச்சும் சேரும் இடத்தில் உடைந்திருந்தால் ஒட்டு மட்டம். பூச்சுக்குள்ளேயே உடைந்திருந்தால் பூச்சு மட்டம். ஆனால் சில சமயம் அடைப்பு பெயரும்போது பல்லையும் ஒரு விள்ளல் பிய்த்துக்கொண்டு வரும். அதுதான் எங்களுக்குத் திருவிழா. ஒட்டு பல்லைவிடப் பலமாக இருந்தால்தானே பல் பிய்யும். என்னோடு படித்தவளுக்கு அப்படி இரண்டு கிடைத்தது. இரண்டையும் கைபேசியில் படம் பிடித்து ஹாஸ்டல் முழுக்கக் காட்டினாள். எனக்கு மூன்று வருடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படிப்பு முடிந்து கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் கிளினிக் போட்டேன். மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டது, ஆபீசர்கள் எல்லாம் வருவார்கள், விதவிதமாக அடைக்கலாம் என்று கனவு. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "புடுங்கிடுங்க." அடைத்தால் நன்றாக இருக்கும் என்பேன். "சிமெண்டு வெச்சி இன்னாங்க பண்றது, புடுங்கிடுங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது." நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கிப் போட்டேன். உடைக்கப் படித்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு நாள் மேலேறி வந்தவர்தான் பூசாரி. கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஒரு சின்ன ஊர். ஐம்பதைக் கடந்தவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே, "புடுங்கக் கூடாதுங்க" என்றார். எனக்குக் காது குளிர்ந்துபோனது. ஆளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் நல்ல ஆழமான சொத்தை. மற்ற பற்கள் எல்லாம் வரிசையாக, முழுதாக. ஏன் பிடுங்கக் கூடாது என்று கேட்டேன்.

"எங்க கோயில்ல பூச பண்றவன் வாயில பல்லு கொறையக் கூடாதுங்க. ஒரு சில்லு ஒடஞ்சி விழுந்தாலும் கொறதான். எங்கப்பாவுக்கு ஒண்ணு விழுந்திச்சி, அன்னிக்கே சாவிய என் கையில குடுத்துட்டாரு. எனக்குப் புள்ள இல்ல. ஒரே பொண்ணு, களமருதூர்ல கட்டிக் குடுத்துட்டேன். எனக்குப் பல்லு போச்சின்னா பூச என் சித்தப்பா மவன் வூட்டுக்குப் போயிடும்."

"போனா இன்னாங்க? வயசான காலத்துல ஓய்வா இருக்கலாமே" என்று வாய்த்துடுக்காகக் கேட்டுவிட்டேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டால் தாடையைத் தாங்கிக்கொண்டு சொன்னார். "என் வூட்டுக்காரி போயி நாலு வருசம் ஆச்சிம்மா. காலையில எந்திரிச்சா கோயிலுக்குப் போறேன். அதுவும் இல்லன்னா எந்திரிச்சி எங்கம்மா போவேன்?"



ரூட் கேனல் செய்துவிடலாம், நரம்பை எடுத்துவிட்டால் வலியே இருக்காது என்றேன். அவர் யோசித்தார். "நரம்ப எடுத்துட்டா அந்தப் பல்லுக்கு உசுரு இருக்குமாங்க?" என்று கேட்டார். நான் படித்த முட்டாள், உண்மையைச் சொன்னேன். உயிர் இருக்காது, ஆனால் பல் இருக்கும் என்றேன்.

"செத்தத வாயில வெச்சிகினு சாமியத் தொட முடியுமாங்க?"

அவரை முன்பே இரண்டு டாக்டர்கள் இந்தக் கேள்வியில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம். நான் கும்பிடவில்லை. நரம்பு உயிரோடு இருக்க வேண்டும், அடைப்பும் நிற்க வேண்டும். நான் மூன்று வருடம் படித்ததைக் கேட்டுக்கொண்டு ஓர் ஆள் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். விடுவேனா?

அன்றைக்கு மற்றவர்களை எல்லாம் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டேன். சொத்தையைக் கரண்டியால் சுரண்டுவதுபோல மெல்ல எடுத்தேன். நரம்புக்கு மிக அருகில் இருந்த இடத்தில் மட்டும் ஒரு பொட்டு மருந்து. அதன் மேல் என் லைனர், எவ்வளவு மெலிசாக முடியுமோ அவ்வளவு மெலிசாக. பிறகு அமிலம், கழுவல், பசை, நீல விளக்கு. அடைப்பை ஒரேயடியாகத் திணிக்காமல் அடுக்கடுக்காக வைத்தேன். ஒவ்வோர் அடுக்குக்கும் விளக்கு. என் உதவியாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பூசாரி இடையில் தூங்கிக் குறட்டையும் விட்டார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். தண்ணீர் கூசவில்லை என்றார். ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தார். தட்டிப் பார்த்தேன், குளிர்ந்த காற்று ஊதிப் பார்த்தேன். நரம்பு உயிரோடு இருந்தது, அடைப்பு அசையவில்லை. அந்தப் பல்லை இயந்திரத்தில் மாட்டி உடைத்துப் பார்க்கக் கை பரபரத்தது. நல்லவேளை, அது அவர் வாயில் இருந்தது.

ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாற்பது வயது இருக்கும் ஒருவர் கிளினிக் வாசலில் வந்து நின்றார். பல் வலிக்காரர் முகம் இல்லை அது. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோகும் சின்ன லாரி ஓட்டுபவர். "நான் பூசாரியோட சித்தப்பா மவன்" என்று ஆரம்பித்தார். பூசை யார் வீட்டுக்குப் போகும் என்று பூசாரி சொன்னாரோ, அவரேதான்.

"அண்ணன் வாயில நீங்க வெச்சது பேந்துடுச்சிங்க" என்றார்.

பூசாரி என்ன ஆவார் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. வெட்கக்கேடுதான், இருந்தாலும் சொல்கிறேன். பெயர்ந்துவிட்டதா, நான் வைத்ததா என்றுதான் ரத்தம் தலைக்கேறியது.

நடந்தது இது. திருவிழாவில் ஊரே உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டிருக்கிறது. சாமையில் கல் இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. பூசாரி வாயில் கடக் என்று சத்தம் கேட்டிருக்கிறது. கையில் துப்பியிருக்கிறார். வெள்ளையாக ஒரு துண்டு. பக்கத்து இலையில் இருந்தவர் ஊர்த்தலைவர். எதிர் இலையில் இருந்தது இந்த லாரிக்காரரின் அம்மா, அதாவது பூசாரியின் சித்தி. பூசை தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் அம்மாள். "பூசாரிக்குப் பல்லு விழுந்துடுச்சி" என்று போட்ட சத்தத்தில் திருவிழா அங்கேயே நின்றுவிட்டது. அது பல் இல்லை, டாக்டர் வைத்த சிமெண்டு என்று பூசாரி சொல்லியிருக்கிறார். பல்லா சிமெண்டா என்று ஊரால் முடிவு செய்ய முடியவில்லை. வைத்தவளையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவது என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார். யார் வண்டி இருக்கிறது என்று பார்த்து, எதிர்க்கட்சிக்காரரையே அனுப்பியும்விட்டார்.

"பல்லுன்னு சொன்னீங்கன்னா பூச எங்க வூட்டுக்கு வரும். பூச்சுன்னு சொன்னீங்கன்னா அண்ணனுக்கே. நாளைக்கி காத்தால வரேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை செய்யும்போது கண்ணில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்த லாரியில் முன்சீட்டில் ஏறினேன். கால் வைக்கும் இடமெல்லாம் கிழங்கு மண். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவர்கள் எல்லாரும் கள்ளம் உள்ளவர்கள் என்பது என் நீண்ட நாள் முடிவு. இவர் பெரிய காரியக்காரர் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வளைவில் கேட்டார். "பல்லா பூச்சான்னு எப்பிடிங்க கண்டுபிடிப்பீங்க?"

இந்த உலகத்தில் யாருமே என்னிடம் கேட்காத கேள்வி அது. என் அப்பா கேட்டதில்லை, என் வீட்டுக்காரர் கேட்டதில்லை. வாய் சும்மா இருக்குமா?

"செவுத்துக்குப் பூச்சு வேல செய்றாங்கல்ல, அது மாதிரிதான். பூச்சு மட்டும் பேந்து விழுந்தா கொத்தனாரு வேல சரியில்ல. செங்கல்லையும் ஒடச்சிகினு வந்துச்சின்னா கொத்தனாரு கெட்டிக்காரரு, செங்கல்லுதான் சோப்ளாங்கி. பேந்த துண்ட திருப்பி அடிப்பக்கம் பாக்கணும்."

"பாத்தா தெரியுமா?"

"தெரியாம? பூச்சு சுண்ணாம்பு மாதிரி மங்கலா இருக்கும். பல்லு கண்ணாடி மாதிரி மினுக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு கியர் மாற்றினார். நான் விடவில்லை. அடுத்த ஐந்து வளைவுக்கும் ஆராய்ச்சியை விளக்கினேன். எனக்கு ஒரு பயமும் இல்லை. மூன்று வருடத்தில் ஒரு பல்லைக்கூடப் பிய்க்காத ஒட்டு இப்போது மட்டும் பிய்க்கவா போகிறது? பூச்சுதான் போயிருக்கும், பூசை பூசாரிக்குத்தான், நம் மானம் மட்டும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ரேஷன் கடைக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஊர்த்தலைவர் முன்னால் ஒரு தாம்பாளம். அதில் ஒரு தீப்பெட்டி, பக்கத்தில் கோயில் சாவி. பூசாரி தள்ளி ஓர் ஓரமாக, வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தாநாளிலிருந்து கோயில் திறக்கவில்லையாம். குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"மன்னிச்சிக்கம்மா. நீ பாத்துப் பாத்து வெச்ச. நான் கல்லக் கடிச்சிட்டேன்."

நான் வைத்தது பெயர்ந்ததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். வரும் வழியெல்லாம் செங்கல், கொத்தனார் என்று அளந்துகொண்டு வந்த வாய் மூடிக்கொண்டது.

"டாக்டரம்மா படிச்சவங்க. பாத்துச் சொல்லட்டும், நாங்க கேட்டுக்குறோம்" என்றார் ஊர்த்தலைவர். தீப்பெட்டியைத் திறந்து துண்டை என் உள்ளங்கையில் கொட்டினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டைத் திருப்பினேன். அடிப்பூச்சு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதன் ஓரத்தில், அரிசி நொய் அளவுக்கு, பிறை வடிவில் ஒரு மினுமினுப்பு. வெயிலில் இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். சந்தேகமே இல்லை. பல். பூசாரியின் பல்லில் ஒரு விள்ளல். என் ஒட்டு பல்லைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

என் வாழ்க்கையில் முதல் துண்டு. அதுவும் ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில் கிடைத்தது இல்லை, ஒரு மனிதர் ஒரு வருடம் சோறும் கறியும் மென்ற வாயில் கிடைத்தது. எனக்கு முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை.

"இன்னாம்மா சிரிக்கிறீங்க?" என்றார் ஊர்த்தலைவர்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் என் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி மட்டும் தாம்பாளத்தில் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. நான் இப்போது உண்மையைச் சொன்னால், உலகத்திலேயே நல்ல ஒட்டு என்னுடையது என்று ஆகும், ஆனால் நாளைக் காலையில் இந்த மனிதர் எழுந்து போக இடம் இருக்காது.

நேரம் கடத்துவதற்காக அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பல் நின்றுகொண்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மூளியாகியிருந்தது, அவ்வளவுதான். வலி இருக்கிறதா என்றேன். கூச்சம் மட்டும் என்றார். நரம்பு உயிரோடுதான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினேன். "பல்லு அப்பிடியே இருக்குதுங்க. பேந்தது நான் வெச்ச பூச்சுதான். என் வேல சரியில்ல. அடிப்பூச்ச சரியாக் கலக்காம வெச்சிட்டேன்."

சொல்லி முடிக்கும்போது நாக்கு கசந்தது. பொய் சொன்னதற்காகக் கசக்கவில்லை. சரியாகக் கலக்கவில்லை என்று சொன்னேன் பாருங்கள், அதற்காகக் கசந்தது.

சித்தி எழுந்துவிட்டார். "அப்ப நீ இன்னாத்துக்கு டாக்டரு? ஒரு பல்ல ஒழுங்கா அடைக்கத் தெரியல, மாடியில போர்டு மாட்டிகினு குந்திகினு இருக்கிறியா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்பறம் எதுக்குச் சிரிச்ச?"

"வெக்கத்துல சிரிச்சேம்மா."

கொட்டகையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சித்திக்கு ஆறவில்லை. "எனுக்கு நம்பிக்க இல்ல. எம்புள்ள பாக்கட்டும். அந்தக் கண்ணாடிய அவங்கிட்ட குடு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும், எது மங்கும், எது மினுக்கும் என்று அவருக்கு வளைவுக்கு வளைவு பாடம் நடத்தியது யார்? நான்தான். கூலி வாங்காமல் நடத்தினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துண்டைத் திருப்பினார். வெயில் பக்கம் நகர்ந்து நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"டாக்டரம்மா சொல்றதுதான்" என்று கண்ணாடியைக் கழற்றினார். "வெறும் பூச்சுதான். சுண்ணாம்பு மாதிரி இருக்குது."

சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊர்த்தலைவர் சாவியை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பில் செருகி, உடனே கோயில் பக்கம் நடந்தார். என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவ்வளவு அவசரம்.

ஊர்த்தலைவர் தாம்பாளத்தைக் காலி செய்ய வேண்டும் அல்லவா? விழுந்தது பல்லாக இருந்தால் பால் ஊற்றிப் புதைப்பார்களாம். இது வெறும் பூச்சு. விரலால் ஒரு சுண்டு சுண்டினார். என் மூன்று வருடத்து ஏக்கம் கொட்டகைக்கு வெளியே போய் விழுந்தது. ஒரு கோழி வந்து கொத்தியது. படம்கூட எடுக்கவில்லை நான்.

திரும்பும்போதும் அதே லாரிதான். பூசாரிக்காக ஒரு பக்கம் சந்தோஷம், கோழியை நினைத்து ஒரு பக்கம் துக்கம். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருந்தது. இந்தக் காரியக்காரரை ஏமாற்றிவிட்டோம் என்ற கர்வம். அவ்வளவு பாடம் நடத்தியும் மரமண்டைக்கு ஏறவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பாதி மலை இறங்கியபின் அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஓரத்துல பெற மாதிரி மினுக்கிகினு இருந்திச்சே. அது செங்கல்லுதானுங்களே?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது இரண்டும் எரிந்தது. ஒரு வளைவு போனது.

"தெரிஞ்சிகினே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க ஏங்க சொல்லல?"

இன்னொரு வளைவு போனது.

"எனுக்கு வண்டி இருக்குது, வூடு இருக்குது, புள்ளைங்க இருக்குது" என்றார் அவர். "எங்க அண்ணனுக்கு அந்த ஒண்ணுதான். அண்ணி செத்த தீட்டுல கோயிலுக்குப் போவாம வூட்டுலயே குந்திகினு இருந்திச்சி. அத நான் பாத்தேன். இன்னொரு வாட்டி பாக்க முடியாதுங்க."

"உங்கம்மா?"

"கத்தும். ஒரு வாரம் கத்தும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து இந்த மனிதரை என்னவெல்லாம் நினைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கச்சிராயபாளையத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் மறுக்காமல் குடித்தார். வண்டியில் ஏறும்போது, "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அடுத்த வாட்டி இவ்ளோ கெட்டியா வெக்காதீங்க" என்றார்.

மறுநாள் என் மேடத்துக்கு போன் செய்து, வாயில் வைத்த அடைப்பு பல்லைப் பிய்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அவர் குரலே மாறிவிட்டது. துண்டு எங்கே என்றார். கோழி தின்றுவிட்டது மேடம் என்றேன். போனை வைத்துவிட்டார். நான் குடித்துவிட்டுப் பேசுவதாக நினைத்திருக்கலாம்.

சித்தி ஒரு வாரம் கத்தியது கள்ளக்குறிச்சி வரைக்கும் கேட்டது. அந்த வாரமே மலையிலிருந்து வர வேண்டிய இரண்டு பேர் வரவில்லை. வந்த ஒருவர், "பூச்சு நிக்காத டாக்டரம்மா நீங்கதானாங்க? பல்லு புடுங்குனா மட்டும் சரியா வருமா?" என்று வாசலிலேயே விசாரித்தார். என் உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பல்லையே பிய்த்த ஒட்டு என்னுடையது என்று பேருந்து நிலையத்தில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அந்த ஆளுக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். சரியாகத்தான் வந்தது.

புதன்கிழமை பூசாரி வந்தார். விடியற்காலையில் பூசையை முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறியிருந்தார், நெற்றியில் திருநீறு அழியவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். நான் மூளியான ஓரத்தை வழவழப்பாக்கினேன். நரம்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, எல்லாம் போன முறை போலவே. பிடிப்பில் மட்டும் கை வைத்தேன். மெலிசாகப் பூச வேண்டிய லைனரைத் தடிமனாகப் பூச நிறையக் குழைத்தேன். என் ஆய்வேட்டில் எதைச் செய்யக் கூடாது என்று ஓர் அத்தியாயம் எழுதினேனோ, அதை வரிக்கு வரி செய்யத் தயாரானேன். மேடம் பார்த்திருந்தால் பட்டத்தைத் திரும்ப வாங்கியிருப்பார்.

கலவையைக் கரண்டியில் எடுக்கும்போது பூசாரி கேட்டார். "இந்த வாட்டி நல்லா நிக்குமாம்மா?"

"நிக்காதுங்க" என்றேன்.

என் உதவியாளர் கையில் இருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். எந்தப் பல் டாக்டர் இப்படிச் சொல்வாள்?

"வருசத்துக்கு ஒரு வாட்டி பேந்துடும்" என்றேன். "பேந்தா யாருகிட்டயும் காட்டாம, துப்பிட்டு நேரா இங்க வாங்க. வேற வெச்சித் தரேன். பல்லுக்கு முன்னாடி இது போயிடும். போவுற மாதிரிதான் வெக்கிறேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தம்பி ஏதாவது சொல்லியிருந்தாரா, நாக்கால் தடவிப் பார்த்து அவரே தெரிந்துகொண்டாரா, நான் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பிடின்னா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே பூசும்மா" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.